உஷார்! பெட்டிக்குள் ரீங்காரம்

ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே தேனீக்கு உறவான பம்பிள்பீயின் ராணி ஒன்று, கொஞ்சம் வேலைக்கார பம்பிள்பீக்கள், குடிக்கச் சர்க்கரைப் பாகு. தக்காளிக் குடிலுக்குள் வைத்துத் திறந்துவிட்டால் காய்ப்பு கூடும். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் சிலி நாட்டிலும் நினைத்தார்கள். அந்தப் பெட்டி இன்று உலகின் மிகப் பெரிய பம்பிள்பீயையே காலி செய்துகொண்டிருக்கிறது.

அதன் பெயர் பாம்பஸ் டால்போமி. நம்மூர்ச் சமவெளியில் பம்பிள்பீயே கிடையாது. ஆகவே உருவத்துக்கு மட்டும் அவரைப் பூவில் இரையும் கருவண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் செம்பட்டை முடியை அடர்த்தியாகப் போர்த்துங்கள். முகமும் காலும் கறுப்பாகவே இருக்கட்டும். ராணியின் நீளம் சுமார் 3 செ.மீ. சிலியிலும் அர்ஜென்டினாவிலும் ஆண்டீஸ் மலைக்காடுகள் தொடங்கி, கண்டம் முடியும் தியர்ரா டெல் ஃபுவேகோ வரை இதன் ராஜ்ஜியம். தெற்குப் படகோனியாவின் ஒரே சொந்த பம்பிள்பீ இதுதான்.

தக்காளிப் பூ லேசில் மகரந்தம் தராது. பம்பிள்பீ அதைத் தாடையால் கவ்வி, இறக்கைத் தசையை அதிரவிட்டு உலுக்கும். மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அதற்காகத்தான் 1990களின் கடைசியில் பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற ஐரோப்பிய இனத்தைச் சிலி இறக்குமதி செய்தது. குடிலுக்குள் வைத்தது குடிலுக்குள்ளேயே இருக்குமா? மலையைத் தாண்டியது. அர்ஜென்டினா இதற்கு அனுமதி தரவே இல்லை. ஆனாலும் 2006இல் அங்கேயும் ஆஜர். தெற்கு நோக்கி ஆண்டுக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தில் பரவியது. தனியாகவும் வரவில்லை, ஒட்டுண்ணியைச் சுமந்து வந்தது. படையெடுப்புக்கு முன்பு பிடித்துவைத்த டால்போமிகளில் அந்த ஒட்டுண்ணி இல்லை. பிறகு பிடித்தவற்றில் இருந்தது.

விவசாயிக்காவது லாபமா என்றால், படகோனியாவின் ராஸ்பெரித் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். டெரஸ்ட்ரிஸ் கூட்டம் ஒரே பூவில் ஓயாமல் வந்து உட்கார்ந்து உருட்டுவதில், நூல் போன்ற சூல்தண்டுகள் ஒடிகின்றன. ஒடிந்த இடத்தில் மணி திரளாது, பழம் பொக்கையாகிவிடும். மொட்டையே கடித்துத் துளைத்துத் தேன் திருடுவது தனிக் கதை.

டால்போமி இப்போது அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. முன்பு பறந்த பல பள்ளத்தாக்குகளில் அதைக் காணோம். அந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள் பூவைக் கவனியுங்கள்: கறுப்பு உடம்பு, மஞ்சள் பட்டை, வெள்ளை வால் என்றால் அது வந்தேறி. முழுக்கச் செம்பட்டை என்றால் சத்தம் போடாமல் நின்று பாருங்கள், கொடுத்துவைத்தவர் நீங்கள்.

இங்கே குடில் விவசாயம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு பம்பிள்பீப் பெட்டி என்று யாராவது ஆசை காட்டி, “வலைக்கு வெளியே போகவே போகாதுங்க” என்று சத்தியம் செய்தால், ஒரு ராணி தப்பினால் யார் போய்ப் பிடிப்பது என்று முதலில் கேளுங்கள்.