எந்தக் குச்சியும் எந்தப் பெட்டியிலும்!

(இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



எங்க ஊர் ஏழாயிரம்பண்ணை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். வீட்டிலிருந்த ஒரே செல்போனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அன்று ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் பார்த்தவர்கள் 5.9 கோடிப் பேர். திரையில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து அம்மா கேட்டாங்க: "இத்தனை பேர் பாக்குறாகளே, நமக்கு மிச்சம் இருக்குமாய்யா?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம்ம பக்கத்துத் தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியின் தலையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கத்தில் வேறு மருந்து. ஒரு கம்பெனிக் குச்சியை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். காரணம், எல்லோரும் ஒரே முறையில் செய்கிறார்கள். இதுதான் 'தரநிலை'. படத்துக்கும் இப்படி ஒன்று வேண்டாமா? ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும், எம்பெக் நிபுணர் குழுவும் சேர்ந்து 2003-ல் 'எச்.264' என்ற தரநிலையைக் கொண்டுவந்தன.

அது என்ன செய்கிறது? உயர்தரப் படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 124 கோடி பிட் வேண்டும். ஆனால் மைதானத்துப் புல் அப்படியேதான் இருக்கிறது. பந்தும் ஆட்களும்தான் நகர்கிறார்கள். ஆகவே மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். இப்படிச் சுருக்கும்போது சுமார் 50 லட்சம் பிட்டிலேயே காரியம் முடிந்துவிடும்.

சரி, 5.9 கோடிப் பேருக்கு எப்படிப் பங்கு வைப்பது? தீபாவளிக்கு ஒரு பாக்கெட் மத்தாப்பு வாங்க யாரும் சிவகாசிக்கு ஓடி வருவதில்லை. சரக்கு முன்பே அந்தந்த ஊர் குடோனுக்குப் போய்விடுகிறது. இணையத்திலும் ஊர் ஊராகக் கணினிக் குடோன்கள் உண்டு. மூல இடத்திலிருந்து ஒரு பிரதி குடோனுக்கு வரும். அங்கிருந்து லட்சம் பேருக்குப் போகும். 1998-ல் அமெரிக்காவில் டாம் லைட்டன், டேனியல் லெவின் ஆகியோர் தொடங்கிய அகாமாய் நிறுவனம் இதில் முன்னோடி.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருப்பார்கள். சிக்னல் குறைந்தால் செல்போனே சின்னத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 2012-ல் 'டேஷ்' என்ற பெயரில் இதுவும் உலகத் தரநிலையானது.

தரநிலை என்றாலே இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். எச்.264-க்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அது வேண்டாம் என்று பல நிறுவனங்கள் கூடி 2018-ல் 'ஏவி1' முறையை வெளியிட்டன.

எனக்கு இது வெறும் பாடமில்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி, டவர் சரியாகக் கிடைக்காத எங்க வீட்டு மொட்டைமாடியில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்பிடெல் பாடங்களை மங்கலான படத்தில்தான் பார்த்தேன். படம் மங்கல்; பாடம் மங்கவில்லை. அரியர் இல்லாமல் தேறினேன்.

அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: "நமக்கும் மிச்சம் இருக்கும்மா." பெரிய போனுக்கும் சின்ன போனுக்கும் பொதுவாக ஒரு முறை வகுத்திருப்பதால்தான் அது நம் தெருவரைக்கும் வருகிறது. நண்பர்களே, நாளைக்கு நாம் எதைச் செய்தாலும், எந்தக் குச்சியும் எந்தப் பெட்டியிலும் பற்றும்படி செய்வோம்.