எண்ணும்மையும் மூன்று வட்டங்களும்

கணிதப் பாடத்துள் தமிழாசிரியர் புகுதல் முறையோ என வினவுவார் உளர். ஆயினும், கணக்கெடுப்புப் பற்றிய வினாக்களில் மாணவர் இடறுவது பெரும்பாலும் கூட்டலிலோ கழித்தலிலோ அன்று; வினாவை வாசிப்பதிலேயே என்பது நமது துணிபு.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக் காண்போம். 100 மாணவருள் தமிழ் நூல் வாசிப்போர் 62 பேர். ஆங்கில நூல் வாசிப்போர் 41. சிங்கள நூல் வாசிப்போர் 30. தமிழும் ஆங்கிலமும் வாசிப்போர் 20. ஆங்கிலமும் சிங்களமும் 12. தமிழும் சிங்களமும் 15. மும்மொழியும் வாசிப்போர் 8. எம்மொழி நூலும் வாசியாதார் எத்துணையர்?

முதல் மூன்று எண்களைக் கூட்டின் 133 ஆகும். இருப்பவரோ நூற்றுவர். ஒருவரையே இருமுறையும் மும்முறையும் எண்ணிவிட்டோம் என்பது வெளிப்படை. இம்மயக்கத்தைத் தீர்ப்பதே வென் வரிப்படம். ஜோன் வென் என்னும் ஆங்கில அறிஞர் 1880 இல் அதனை வெளியிட்டது தலை எண்ணுதற்கன்று. தருக்க வாக்கியங்களை ஆராய்தற்கே. ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களை வரைந்தால், புறவெளியோடு எட்டு அறைகள் தோன்றும். ஒருவர் ஓர் அறையில் மட்டுமே நிற்பர். (நன்னூலார் கூறும் உம்மைப் பொருளும் எட்டே. இது தற்செயல்; மறைபொருள் தேட வேண்டா.)

நடுவறையில் 8 ஐ முதலில் இடுக. அடுத்ததே இடறுமிடம். ‘தமிழும் ஆங்கிலமும்’ என்பதில் நிற்பது எண்ணும்மை. அது கூறிய இரண்டையும் சேர்த்தெண்ணுமேயன்றி மூன்றாவதை விலக்காது. விலக்க வேண்டின் ‘மட்டும்’ என்னும் சொல்லோ பிரிநிலை ஏகாரமோ வந்திருத்தல் வேண்டும். ஆகவே அந்த 20 பேருள் நடுவறையினர் எண்மரும் அடங்குவர். அவ்விரண்டை மட்டும் வாசிப்போர் 12 பேரே. இவ்வாறே ஏனைய ஈரறைகளும் 4, 7 ஆகும். பின்னர்த் தமிழ் மட்டும் 35, ஆங்கிலம் மட்டும் 17, சிங்களம் மட்டும் 11. ஏழறைகளின் கூட்டுத்தொகை 94, வாசியாதார் அறுவர்.

உம்மைக்கு ‘மட்டும்’ எனப் பொருள்கொண்டு 20, 12, 15 என்பவற்றை அவ்வாறே அறைகளில் இட்டால் யாதாகும்? சிங்கள வட்டத்துள் 12, 15, 8 என 35 பேர் நிற்பர். அவ்வட்டத்துக்கு உரியோரோ 30 பேர். சிங்களம் மட்டும் வாசிப்போர் குறை ஐவர்! உயிருள்ள மாணவர் குறையெண்ணில் இருத்தல் எங்ஙனம்? ஈண்டுப் படமே பிழையைக் காட்டிக் கொடுக்கின்றது.

எப்பொழுதும் அவ்வாறு காட்டிக் கொடுக்கும் என்று நம்பியிருத்தலும் ஆகாது. சிங்களம் வாசிப்போரை 36 ஆக்கிப் பாருங்கள். பிழையாக வாசித்தவனுக்கு எந்த அறையிலும் குறையெண் வாராது. வாசியாதார் 24 பேர் என மகிழ்ந்து எழுதுவான். சரியாக வாசித்தவனுக்கோ அறைகள் அனைத்தும் 100 ஆக நிரம்பும், வாசியாதார் ஒருவருமிலர். அங்கே மாணவனைக் காப்பது இலக்கணம் ஒன்றே. வினா ஆக்கும் ஆசிரியரும் ‘மட்டும்’ வேண்டுமிடத்தில் அதனை விடாது எழுதுவாராயின், மாணவரின் புள்ளிகள் வீணே கழியா.