தொழுநோயாளராகிய நாம்

பிச்சைக்கு நீளும் கையில் விரல் படாதவாறு, சற்று உயரத்திலிருந்தே காசைப் போட்டுவிடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இரக்கம் இருக்கிறது; அருவருப்பும் அதனுடனேயே இருக்கிறது. இதை எண்ணுகையில் மொலோக்காய்த் தீவின் தமியான் அடிகளார் நம் கண்முன் வந்து நிற்கிறார்.

1840-ல் பெல்ஜிய நாட்டு உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இன்று மருந்தால் முற்றும் குணமாகும் தொழுநோய்க்கு அன்று மருந்தில்லை. ஹவாய் அரசு 1866 முதல் நோயாளரைக் குடும்பங்களினின்று பிரித்து அத்தீவின் ஒரு மூலைக்கு அனுப்பி வந்தது. ஒருபுறம் செங்குத்தான மலை. மற்ற முப்புறமும் கடல். 1873 மே மாதம், தம் 33-ஆம் வயதில், அடிகளார் தாமே விரும்பி அங்குச் சென்றார். புண்களைக் கழுவிக் கட்டினார், வீடுகள் எழுப்பினார், சவப்பெட்டி செய்து, குழியும் தாமே வெட்டினார். அவர்களோடு ஒரே கலத்தில் உண்டார். துர்நாற்றம் தாங்காமல் புகைக்குழாய் பிடித்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. புனிதர்க்கும் மூக்கு உண்டல்லவா!

ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. அடிகளார் படகில் நின்றவாறே, பலர் கேட்க, உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

'தொழுநோயாளராகிய நாம்' என்றே அவர் தொடக்கமுதல் பிரசங்கித்து வந்தார். 1884 டிசம்பரில் கொதிநீர் காலில் பட்டும் அவருக்கு நோவு தெரியவில்லை. அச்சொல் உடலிலும் மெய்யாயிற்று.

1889 ஏப்ரல் 15-ல் இறந்தார். 1936-ல் அவரது உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. 2009-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்கு முன்னரே, 1995-ல், அவருடைய வலக்கை மட்டும் மொலோக்காய்க்குத் திரும்பி வந்து, பழைய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. புண் கழுவிய கை அது.