பவளத்துக்கும் சிகிச்சை உண்டு

நான் சிவில் பிரிவு மாணவி. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டி வந்தவள் நான் ஒருத்திதான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

என் தாத்தா வாலிப வயதில் பிழைப்புக்காகத் தூத்துக்குடி பக்கம் போனவர். கடலில் உடைத்துக் கரைக்குக் கொண்டு வரும் கல்லை லாரியில் ஏற்றுவது அவர் வேலை. அந்தக் கல் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பம் தலையெடுத்தது. வகுப்பில் சுண்ணாம்புப் பாடம் நடந்தபோது இதைப் பெருமையாகச் சொன்னேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "அது கல்லு இல்லம்மா, பவளம். உயிருள்ளது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன்பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பவளம் என்பது என்ன?

பவளம் செடியல்ல, பிராணி. நம் கடற்கரையில் ஒதுங்கும் சொறிமீனுக்குத் தூரத்துச் சொந்தம். கடுகளவு, மிளகளவு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கிச் சமைத்து வீட்டுக்காரருக்குச் சோறு போடுவது அந்தப் பாசிதான். அதனால் பவளத்துக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். அரசலாறு வண்டலைக் கொண்டுவந்து கலக்கும் நம் காரைக்கால் கடலில் பவளப்பாறை வளராததற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் போகும். வெளுத்தவுடனே செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. சில வாரங்களில் சூடு தணிந்தால் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும். சூடு நீடித்தால் பட்டினியால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படிப் பெரும் சேதம் ஏற்பட்டது.

தொட்டியில் வைத்தியம்

வெளிநாடுகளில் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலேயே பவளம் வளர்க்கிறார்கள். அடிபட்ட பவளத்தின் செத்த பகுதியை நறுக்கிவிட்டு, நல்ல துண்டைச் சிறு வில்லையில் பசை போட்டு ஒட்டுகிறார்கள். தண்ணீர்ச் சூடு 25, 26 டிகிரி. உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். வெளிச்சத்தை முதலில் குறைத்து வைத்து, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். அடிக்கடி தொட்டு இடம் மாற்றக் கூடாது. உடம்பு சரியில்லாதவரை நிம்மதியாகத் தூங்க விடுவதுபோலத்தான்!

"நாமும் ஒரு தொட்டி வைக்கலாமே" என்று என் தோழி கேட்டாள். கூடாது! நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. எடுத்தாலும் விற்றாலும் சிறைதான். நம் ஊரில் இந்த வைத்தியத்தைக் கடலிலேயேதான் செய்ய வேண்டும்.

கடலில் வைத்தியம்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கல் எடுத்ததாலும் பிற காரணங்களாலும் அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. பாறை போனால் அலையைத் தடுக்க ஆளில்லை, கரை அரிக்கும். 1986-இல் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு 2015 வாக்கில் 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது.

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளை சிமெண்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். கிளைப் பவளம் சீக்கிரம் வளரும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. வான் தீவைச் சுற்றியோ 2015 முதல் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அவை அலையின் வேகத்தைக் குறைத்தன. தீவில் மண் சேர ஆரம்பித்தது. மீன்களும் வந்து தங்கின. நாம் படிக்கும் கான்கிரீட்டுக்கு இப்படியும் ஒரு உபயோகம் பாருங்கள்!

இதையெல்லாம் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உசுருன்னு அப்ப யாரும் சொல்லலியே பாப்பா" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவர் ஏற்றிய கல்லில்தான் நான் படிக்கிறேன். மறுபடி அவரே கேட்டார்: "இப்ப திரும்ப ஒட்ட வைக்கிறாங்களா?"

"ஆமா தாத்தா, சிமெண்டுல."

"நல்ல கலவையா போடச் சொல்லு" என்றார்.

சிவில் நண்பர்களே, தாத்தா சொன்னது நமக்குத்தான். அவர் காலத்தில் தெரியவில்லை, நமக்குத் தெரியும். டிப்ளமா முடித்தபின் நம்மில் ஒருவராவது அந்தக் கடலுக்கு நல்ல கலவை போடப் போக வேண்டும். நானும் பெயர் கொடுக்கிறேன்.