முதற்சூல் காலத்து மூச்சுப் பயிற்சி: யோக மரபும் உடலியலும்

ஆய்வுச் சுருக்கம்

முதன்முறை கருவுற்ற பெண்களுக்கு மூச்சுப் பயிற்சி இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆயினும் யோக நூல்கள் கூறும் மூச்சடக்கமும், சூல்கொண்ட உடல் வேண்டி நிற்கும் மூச்சுத் தளர்வும் பல வேளைகளில் ஒன்றாகவே கருதப்படுகின்றன. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டிப் பயிற்சியின் பயனையும் எல்லையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: முதற்சூல், மூச்சுப் பயிற்சி, கும்பகம், திருமந்திரம், மகப்பேறு, இரத்தசோகை.

முன்னுரை

தமிழில் ‘உயிர்த்தல்’ என்னும் சொல் மூச்சுவிடுதலையும் ஈனுதலையும் ஒருங்கே குறிக்கும். பிள்ளை பெறுதலைக் ‘கருவுயிர்த்தல்’ என வழங்குவதும் இதன்வழிப்பட்டதே. எனினும் சூல்கொண்டவள் எவ்வாறு மூச்சுவிட வேண்டும் என்னும் வினாவிற்குப் பழைய யோக நூல் ஒன்றை அப்படியே விடையாக்குதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. முதற்சூலில் உடலில் நேரும் மாற்றங்கள் அனைத்தும் புதியவை. அவற்றுள் இயல்பானது எது, நோய்க்குறி எது எனப் பிரித்தறியும் பட்டறிவு அப்பெண்ணிடம் இருப்பதில்லை. ஆகவே, அவளுக்குக் கூறப்படும் அறிவுரை தெளிவுடையதாக இருத்தல் இன்றியமையாதது.

சூல்கொண்ட உடலின் மூச்சு

கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டுகிறது. இதனால் மூச்சின் எண்ணிக்கை பெரிதும் மாறுவதில்லை. ஒவ்வொரு மூச்சின் ஆழமே மிகுகிறது. ஒரு நிமிடத்தில் உட்சென்று வெளிவரும் காற்றின் அளவு 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது. தமனி இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம், வழக்கமான 40 மில்லிமீட்டர் பாதரச அளவிலிருந்து ஏறத்தாழ 30 ஆகக் குறைகிறது. பிந்தைய மாதங்களில் வளரும் கருப்பை உதரவிதானத்தை ஏறத்தாழ 4 செ.மீ. மேலே தள்ளுகிறது. இயல்பாக மூச்சை வெளிவிட்டபின் நுரையீரலில் எஞ்சும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே வேளையில் உடலின் உயிர்வளித் தேவை கூடுகிறது.

நலமுடன் இருக்கும் கருவுற்ற பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மூச்சுவாங்குதலை உணர்வதற்கு இம்மாற்றங்களே காரணம். இது நோயன்று என அறிவதே அச்சத்தின் ஒரு பகுதியைப் போக்கிவிடும்.

மூச்சடக்கமும் மூச்சுத் தளர்வும்

திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்தை விளக்குகிறது. பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64 மாத்திரை, இரேசகம் 32 மாத்திரை என்பது அந்நூல் கூறும் அளவு. உள்வாங்கும் நேரத்தைப்போல் நான்கு மடங்கு நேரம் மூச்சை உள்ளே நிறுத்துதல் இதன் மையமாகும். இது யோக நெறியில் நிற்கும் சாதகனை நோக்கிய வரையறையாகும். அந்நூலின் இரண்டாம் தந்திரத்தில் அமைந்த கர்ப்பக்கிரியை என்னும் பகுதி, மூச்சைக் கரு உருவாதலோடு தொடர்புபடுத்திப் பேசுகிறதேயன்றிச் சூல்கொண்டவளுக்குரிய பயிற்சியாக அதனைக் கூறவில்லை.

மேலே கண்ட உடலியல் செய்திகளை இதனோடு பொருத்திக் காணலாம். சூல்கொண்ட உடலில் உயிர்வளியின் இருப்பு குறைவு, தேவையோ மிகுதி. ஆகையால் மூச்சை நிறுத்துங்கால் இரத்தத்தில் உயிர்வளி வழக்கத்தைவிட விரைந்து குறையும். எனவே, நீண்ட கும்பகம் இக்காலத்திற்கு ஏற்றதன்று. விரைந்து மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதி போன்றவையும் தவிர்க்கத்தக்கனவே. முன்னரே குறைந்துள்ள கரியமில வாயு விரைவு மூச்சால் மேலும் குறைந்தால் தலைசுற்றலும் விரல்களில் மதமதப்பும் தோன்றும்.

மேலைநாட்டு முறைகள்

இங்கிலாந்தின் கிராண்ட்லி டிக் ரீட் 1933இல் வெளியிட்ட நூலில், அச்சம் உடலிறுக்கத்தையும், இறுக்கம் வலியையும் மிகுவிக்கும் என்னும் கருத்தை முன்வைத்தார். பிரான்சின் பெர்னாண்ட் லமாஸ் 1951இல் சோவியத் ஒன்றியத்தில் கண்ட உளவழித் தயாரிப்பு முறையைப் பாரிசுக்குக் கொணர்ந்தார். அவர் முறையில் தொடக்கத்தில் விரைவு மூச்சுக்கு முதன்மை இருந்தது. பின்வந்தோர் அதைத் தளர்த்தி, அவரவர்க்கு இசைந்த மெதுவான மூச்சை ஏற்றனர். உலக நலவாழ்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள், பேற்று வலியைத் தணிக்க விரும்பும் நலமுள்ள பெண்களுக்கு மூச்சு உள்ளிட்ட தளர்வு முறைகளை ஏற்கின்றன. எனினும் இதற்கான சான்றுகளின் உறுதிநிலை குறைவு என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது. இப்பயிற்சி ஆறுதல் தரக்கூடியது. வலியை நீக்கும் மருந்தன்று.

பயிற்சி முறை

முதுகிற்கு அணைகொடுத்து நிமிர்ந்து அமரலாம். அல்லது இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம். பிந்தைய மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தும். ஆதலால் அந்நிலை தவிர்க்கப்பட வேண்டும். தோள்களைத் தளர்த்தி, கைகளை விலாவின் இருபுறமும் வைத்து, மூக்கின் வழியே மூன்று அல்லது நான்கு எண்ணும் நேரம் மூச்சை உள்வாங்க வேண்டும். விலா பக்கவாட்டில் விரிவதைக் கை உணரும். பின்னர், இடையில் நிறுத்தாமல் ஐந்து அல்லது ஆறு எண்ணும் நேரம் மெல்ல வெளிவிட வேண்டும். மூச்சு வெளிச்செல்லும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது இயற்கை; நீண்ட வெளிமூச்சு அமைதி தருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். நாள்தோறும் இருமுறை ஐந்து நிமிடம் போதும். எண்ணிக்கை துன்பம் தந்தால் குறைத்துக்கொள்ளலாம். தலைசுற்றினால் நிறுத்திவிட வேண்டும்.

பயிற்சியின் எல்லை

2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகையும் மூச்சுவாங்குதலாகவே வெளிப்படும். மூச்சுப் பயிற்சி அதைச் சரிசெய்யாது. இரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையுமே அதற்கு வழி. திடீரென மிகும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், படுத்தால் மூச்சடைத்தல், இருமலில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பயிற்சியை நாடாது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்துமா, இதயநோய் உடையோர் மருத்துவரின் கருத்தறிந்தே பயிற்சியைத் தொடங்குதல் நன்று.

முடிவுரை

முதற்சூல் காலத்துக்கு வேண்டுவது மூச்சை அடக்கும் பயிற்சியன்று. மூச்சைத் தடையின்றி நீளவிடும் பயிற்சியே. மரபு நூல்கள் யாருக்காக, எந்நோக்கில் இயற்றப்பட்டன என்பதை எண்ணாது அவற்றின் அளவுகளைக் கருவுற்ற பெண்களுக்குப் பொருத்துதல், அந்நூல்களுக்கும் அப்பெண்களுக்கும் ஒருசேர இழைக்கும் பிழையாகும். தமிழில் மகப்பேற்று நலக் கையேடுகளை எழுதுவோர் ‘பிராணாயாமம்’ என்னும் பொதுச்சொல்லோடு நின்றுவிடாமல், கும்பகத்தை விலக்கியும், இயல்பான மூச்சுவாங்குதலை நோய்க்குறியிலிருந்து பிரித்துக் காட்டியும் எழுதுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.