நடுவயதில் வலுப்பயிற்சியும் உடல் நிறையும்

நாற்பதைக் கடந்தோர் சிலர் வைத்தியர் சொற்கேட்டு வலுப்பயிற்சி தொடங்குகின்றனர். பாரம் தூக்குகின்றனர், கையூன்றாது நாற்காலியிலிருந்து எழுந்து அமர்கின்றனர். மூன்று வாரம் சென்றபின் தராசில் ஏறிப் பார்த்தால், குறைந்திருக்க வேண்டிய நிறை ஒரு கிலோ கூடியிருக்கிறது. அன்றே பயிற்சியைக் கைவிட்டோரை எங்கள் மாம்புரியிலும் கண்டிருக்கிறேன். பயன் தொடங்கும் வேளையில் விட்டுவிடுகிறார்களே என்பதுதான் வருத்தம்.

அந்த ஒரு கிலோ பெரும்பாலும் நீரேயாகும். பழகாத பாரத்தைத் தாங்கிய தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அவற்றைச் சீர்செய்கையில் அவ்விடத்தில் நீர் சேர்கிறது. முதன்முதலாகக் கரைவலை இழுத்தவனுக்கு மறுநாள் தோளும் தொடையும் நோவதும் இச்சிதைவுகளாலேயே. அன்றியும், பயிற்சி பெற்ற தசை கிளைக்கோசன் என்னும் மாப்பொருளை முன்னிலும் மிகுதியாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைக்கோசன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். முதல்நாள் இரவு கருவாட்டுக் குழம்பு உண்டிருந்தால், அதன் உப்பும் தன் பங்குக்கு நீரைத் தேக்கும். மூன்று வாரத்தில் ஒரு கிலோ தசை வளர்ந்துவிட்டது என்று மகிழ்வோரும் உளர். தசை அத்துணை விரைவாக வளர்வதில்லை, அதுவும் நம் வயதில்!

மாதங்கள் சில கழிந்தபின் நிலைமை வேறு. கொழுப்பு குறையும்; தசை சிறிது கூடும்; தராசின் முள்ளோ அசையாது நிற்கும். ஒரு லீட்டர் தசை ஏறக்குறைய 1.06 கிலோ, அதே அளவு கொழுப்பு 0.9 கிலோ. ஆகவே நிறை மாறாமலே சாரம் தளர்வதுண்டு.

தராசு எவ்வளவு மறைக்கும் என்பதற்கு நல்லதொரு சான்று உண்டு. 2004ஆம் ஆண்டில் புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கும், இலண்டன் வைத்தியர் யட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 'லான்செட்' இதழில் எழுதினர். உயரத்துக்கேற்ற நிறையைக் குறிக்கும் சுட்டெண் இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்போ யட்கினுக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்குக்கு 21.2 பங்கு! தெற்காசியராகிய நம்மில் மெலிந்த தோற்றத்தோரையும் நீரிழிவு பற்றுவதன் காரணத்தை இவ்வெண்களிலிருந்து ஓரளவு உணரலாம். உணவிலிருந்து குருதியிற் சேரும் சர்க்கரையைப் பெருமளவு ஏற்றுக்கொள்வது தசையே. முப்பது வயதுக்குப்பின் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரை தசை தேய்கிறது என்பர். பேணாது விட்டால் சர்க்கரை செல்லும் இடம் சுருங்குகிறது.

தேய்ந்ததை மீட்க இயலுமா? 1990இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பில்லத்தில் வாழ்ந்த தொண்ணூறு வயதினர் பத்துப் பேர் எட்டு வாரப் பயிற்சியில் இறங்கினர். முடித்தவர்களின் கால்வலு சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது. தொடைத் தசையின் பருமனோ ஒன்பது பங்கே கூடிற்று. நரம்புகள் தசையை நன்கு ஏவப் பழகியதே வலுவின் பெரும்பகுதி. அதனை எந்தத் தராசு நிறுக்கும்?

ஆதலின் அளவுநாடா ஒன்றை வாங்கி வையுங்கள். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே சுற்றி அளக்க வேண்டும். நம்மவரில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழிருத்தல் நன்று. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொழுப்பு வயிற்றை நாடுவதால் இவ்வளவு அவர்களுக்கு மிகவும் உதவும். நிறையும் இடுப்பும் சேர்ந்தே ஏறினால், நீர் என்று சமாதானம் கூறலாகாது. பயிற்சியால் பசி மிகுந்து, சோறும் சீனித் தேநீரும் கூடிவிட்டன என்க. கால் வீங்கி, மூச்சு வாங்கி, நிறையும் திடீரென ஏறுமாயின் தாமதியாது வைத்தியரை நாடுக. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர் தொடங்குமுன்பே அவரைக் கேட்பது நலம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது கிழமைக்கு இரண்டு நாட் பயிற்சியையேனும். தராசை அறவே ஒதுக்க மனமில்லாதோர் கிழமைக்கு ஒருமுறை, காலையில், உண்ணுமுன் நிறுத்து, அருகே இடுப்பளவையும் தூக்கிய பாரத்தையும் எழுதி வரட்டும்.