ஹைகோர்ட்டுக்குக் கீழே ஒரு ஊர்!

திருவொற்றியூரில் பஸ் ஏறி, ஃபுட்போர்டில் தொங்கி, பாரிமுனையில் குதித்து ஆபீசுக்கு ஓடும் நண்பரே, ஒரு நிமிஷம்! டேர் ஹவுஸ் மூலையில் ஒரு பழைய கல்தூண் நிற்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? ஏதோ வெள்ளைக்காரன் ஞாபகார்த்தம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை சார். யுத்தத்தில் செத்துப்போன ஒரு ஊருக்கு எல்லைக்கல் அது.

1640-ல் கோட்டை கட்டினார்கள் அல்லவா? அதற்கு வடக்கே, இப்போது ஹைகோர்ட் இருக்கிற இடத்தில் நம்ம ஜனங்களின் ஊர் வளர்ந்தது. நெசவாளிகள், வியாபாரிகள், துபாஷிகள். நடுவில் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் 'கறுப்பர் பட்டணம்'. (உங்கள் திருவொற்றியூர் 1708-ல்தான் கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கத்தோடு சேர்ந்து கம்பெனி கைக்கு வந்தது.)

அப்புறம் வந்தது வினை. எங்கிருந்து? ஆஸ்திரியாவிலிருந்து! அந்த நாட்டுச் சிம்மாசனத்துக்கு யார் வாரிசு என்று 1740-ல் ஐரோப்பாவில் சண்டை. இங்கிலீஷ்காரன் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரன் எதிர்ப்பக்கம். அந்தச் சண்டை கப்பலேறி இங்கே வந்தது. 1746 செப்டம்பரில் லபூர்தொனே கோட்டையைப் பிடித்தார். எதிரி ஒளிந்து வரக்கூடாது, பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று, கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளை பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். ஆஸ்திரியா எந்தத் திசையில் இருக்கிறது என்றே அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது.

1748-ல் சமாதானம். பண்டமாற்று மாதிரி, கனடாவில் பிடித்து வைத்திருந்த லூயிஸ்பர்க் கோட்டையைத் திருப்பிக் கொடுத்து மதராஸை வாங்கிக்கொண்டது இங்கிலாந்து. அப்பாடா, நம்ம துரை வந்துட்டார், இனி கவலையில்லை என்று ஊர் மூச்சு விட்டதா? எங்கே விட்டது! அடுத்த யுத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும், 1757-ல் மிச்சத்தை இடிக்க ஆரம்பித்தது கம்பெனியேதான். கோயிலும் தப்பவில்லை. எதிரி இடித்தது பாதி, காவல்காரன் இடித்தது மீதி!

ஜனங்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைப் பக்கம் நகர்ந்தார்கள். விதி விட்டதா? 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். புது ஊருக்குள் புகுந்த சிப்பாய்கள் வீடுகளைக் கொள்ளையடித்து, சாராயத்தைக் குடித்துவிட்டு ஆடினார்கள். இரண்டு மாத முற்றுகை. கோட்டைக்கு வெளியே இருந்த கல்லறைகள்கூட பிரெஞ்சுக்காரர்களுக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல்கள் கண்ணில் பட்டதும் லாலி மூட்டை கட்டினார். அதன் பிறகு, செத்தவர்களுக்கும் அங்கே இடமில்லை. கல்லறைக் கல்வெட்டுகளைப் பெயர்த்துக் கொண்டுபோய் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். இன்றும் பார்க்கலாம்.

பதிலுக்குப் பதில்? 1761-ல் பாண்டிச்சேரியைப் பிடித்த இங்கிலீஷ்காரர்கள், அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். அங்கேயும் வீடிழந்தவர்களில் நம்ம ஜனங்கள் உண்டு.

1773-ல் கம்பெனி 13 தூண்கள் நட்டது. இந்தத் தூணுக்கும் கோட்டைக்கும் நடுவே யாரும் குடிசைகூடப் போடக்கூடாது என்று உத்தரவு. மிச்சமிருப்பது பாரிமுனைத் தூண் ஒன்றுதான். காலியாகக் கிடந்த நிலத்தில் 1892-ல் ஹைகோர்ட் எழுந்தது. வீடு இடிந்தவனுக்கு அன்று கிடைக்காத கோர்ட், அவன் வீடு இருந்த இடத்திலேயே!

கோயில் என்ன ஆயிற்று? கம்பெனி வேறு நிலம் தந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் பணம் போட, பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் பெருமாளும் சிவனும் மறுபடி குடியேறினார்கள்.

1942-ல் ஜப்பான் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்தே கிளம்பியவர்கள், பிற்பாடு இலங்கையிலிருந்து படகேறியவர்கள் என்று போர் துரத்திய எத்தனையோ பேரைப் பார்த்தது இந்தச் சென்னை. அடுத்த தடவை பூக்கடைப் பக்கம் போனால் அந்தக் கோயிலுக்குள் எட்டிப் பாருங்கள். யுத்தத்தால் வீடிழந்து இடம் மாறியவர்களில் அந்த இரண்டு சாமிகளும் உண்டு!